ஒன்பதரைக் கோடிக் காரில் என்ன இருக்கிறது?

பனமரத்துப்பட்டிப் பக்கம் விடியற்காலையிலேயே அரளி மொட்டுப் பறிக்கப் போய்விட்டு வந்து, அப்புறம் அடுப்பைப் பற்ற வைக்கிற பெண்கள் உண்டு. அப்படி ஒரு சகோதரி, மகன் செல்போனில் காட்டிய காரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏனுங்கக்கா, ஒன்பதரைக் கோடியாமுங்க! அத்தன காசுக்கு அதுல அப்படி என்னதான் வெச்சிருக்காங்க?"

நியாயமான கேள்விதானே! நாமும் தெரிந்து கொள்வோமே.

அவள் பார்த்தது ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம். இங்கிலாந்தில் குட்வுட் என்ற இடத்தில் தயாராகிறது. இதன் புதிய மாடல் 2018-ல் நம் நாட்டுக்கு வந்தபோது விலை 9½ கோடி ரூபாய். அதில் நம் அரசாங்கத்தின் இறக்குமதி வரியே பெரும் பங்கு. நம் தெருவில் ஓடும் கார்களுக்குப் பெரும்பாலும் 3 அல்லது 4 சிலிண்டர், இதற்கு 12. எடை சுமார் 2½ டன். வெளிச் சத்தம் உள்ளே வராமலிருக்க மட்டும் 130 கிலோவுக்குப் பஞ்சும் நுரையுமாக அடைத்திருக்கிறார்கள். கதவுக்குள்ளேயே குடை. கூரையில் நட்சத்திரங்கள் மின்னுவது போல விளக்குகளும் வைத்துத் தருவார்கள்.

ஆனால் வாங்குகிறவர்களை மயக்குவது இவை மட்டுமல்ல. கடையில் வாங்கும் ரெடிமேட் ரவிக்கைக்கும், அளவு கொடுத்துத் தைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? அதுதான் இங்கேயும். கல்யாணப் புடவையைக் காட்டி, "இதே கலரில் வேண்டும்" என்றாலும் செய்து தருவார்கள். பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே வரைகிறார்கள். 2023-ல் உலகம் முழுவதற்கும் இந்தக் கம்பெனி விற்றது 6,032 கார்கள்தான். எல்லோரிடமும் இல்லாத பொருள் என்றால் ஆசை கூடத்தானே செய்யும்?

இந்தக் கார்களில் எஜமானர் உட்காருவது பின் சீட்டில். சோபா மாதிரி மெத்தென்று இருக்கும். அங்கேதான் சகோதரிகளே, நாம் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

2022 செப்டம்பர் 4-ந் தேதி, தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பைக்குத் திரும்பிக் கொண்டிருந்தார். விலை உயர்ந்த பென்ஸ் கார். பால்கர் மாவட்டத்தில் பாலத்துச் சுவரில் மோதியது. பின் சீட்டில் இருந்த அவரும் நண்பரும் இறந்து போனார்கள். முன்னால் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் பிழைத்தார்கள். பின்னால் இருந்த இருவருமே பெல்ட் போடவில்லை என்று போலீசார் சொன்னார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதினால், 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதாவது, நல்ல பனைமரத்து உச்சியிலிருந்து! மெத்தை சீட்டு அந்த வேகத்தைத் தாங்காது. பெல்ட்தான் தாங்கும். அது வாடகைக் காரிலும் இருக்கிறது.

"குழந்தையை நான் கெட்டியாப் புடிச்சுக்குவேன்" என்று சொல்லாதீர்கள். மோதும் நேரத்தில் 10 கிலோக் குழந்தை 100 கிலோ மூட்டைக்கு மேல் கனக்கும். எந்தத் தாயின் கையும் தாங்காது. ஆகவே:

முன் சீட்டில் குழந்தையை மடியில் வைக்கவே கூடாது. காற்றுப்பை விரிந்தால் அதுவே அடியாகிவிடும்.

சின்னக் குழந்தைக்கென்று விற்கும் தனி இருக்கையைப் பின் சீட்டில் பொருத்துங்கள். நகையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் படியட்டும். மேல் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும்.

பின் சீட்டு உறைக்குள் பெல்ட் கொக்கி புதைந்திருந்தால், வெளியே எடுத்துவிடச் சொல்லி டிரைவரிடம் கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தச் சகோதரி சொன்னாள்: "வர்ற மாசம் பழனிக்கு மொட்டை போடப் போறோமுங்க. வண்டிக்காரர்கிட்ட மொதல்ல பெல்ட் இருக்குதான்னு கேட்டுட்டுத்தான் வாடகை பேசோணும்."

நீங்களும் கேட்பீர்கள்தானே?