மாங்காட்டில் மனை தேடினால் விளம்பரம் பின்னாலேயே வருவது ஏன்? 'குக்கீ'யைக் கட்டுப்படுத்துவது எப்படி?

மாங்காடு, குன்றத்தூர், பூந்தமல்லி பக்கம் மனை வாங்கலாமா என்று செல்போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடுத்த சில நாட்களுக்குச் சமையல் குறிப்பு படித்தாலும், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தாலும், ஓரத்தில் ஒரு மனை விளம்பரம் வந்து நிற்கும். 'நாம தேடினது இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?' என்று பலரும் திகைப்பது உண்டு.

இதற்கு முக்கியக் காரணம் 'குக்கீ'. இணையதளத்தைத் திறந்ததும் "குக்கீகளை ஏற்கிறீர்களா?" என்று ஒரு பெட்டி வருகிறதே, அதே குக்கீதான். பெரும்பாலானோர் படிக்காமலேயே 'அக்செப்ட்' தட்டிவிட்டுப் போகிறோம். அந்த ஒரு தட்டலில் எதற்குச் சம்மதம் கொடுக்கிறோம்? வேண்டாம் என்றால் என்ன செய்வது? புதிய சட்டம் என்ன சொல்கிறது?

குக்கீ என்றால் என்ன?

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். டோக்கனில் எண் மட்டும்தான் இருக்கும். எந்தச் செருப்பு யாருடையது என்ற கணக்கு கடைக்காரரிடம் இருக்கும். திரும்பி வந்து டோக்கனைக் காட்டினால் அடையாளம் தெரிந்துவிடும்.

குக்கீயும் அப்படித்தான். இணையதளம் உங்கள் பிரவுசரில் சேமித்து வைக்கும் ஒரு சிறிய எழுத்துக் குறிப்பு அது. அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போது பிரவுசர் அந்தக் குறிப்பைத் திருப்பிக் காட்டும். 'இவர் ஏற்கெனவே வந்தவர்' என்று தளம் புரிந்துகொள்ளும்.

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டுல்லி இதை உருவாக்கினார். இது இல்லாவிட்டால் ஷாப்பிங் தளத்தில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாலே நீங்கள் யார் என்பது தளத்துக்கு மறந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் பாஸ்வேர்டு போட வேண்டியிருக்கும். ஆகவே குக்கீ வைரஸ் அல்ல. அதைக் கண்டு பயப்படவும் தேவையில்லை.

அப்படியென்றால் சிக்கல் எங்கே?

மாங்காடு காமாட்சி அம்மன் கோயில், திருவேற்காடு கருமாரியம்மன் கோயில், குன்றத்தூர் முருகன் கோயில் என மூன்று இடத்திலும் டோக்கன் கடையை ஒரே ஆள் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். மூன்று இடத்திலும் ஒரே டோக்கன்தான் செல்லும். நீங்கள் எந்தக் கோயிலுக்கு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போனீர்கள் என்ற முழு விவரமும் அவரிடம் சேர்ந்துவிடும்.

இதுதான் 'தேர்டு பார்ட்டி குக்கீ', அதாவது மூன்றாம் தரப்பு குக்கீ. நீங்கள் பார்க்கும் தளம் வைப்பது அல்ல இது. அந்தப் பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் விளம்பர நிறுவனம் வைப்பது. ஆயிரக்கணக்கான தளங்களில் அதே நிறுவனம் இருப்பதால், மனை விற்கும் தளத்தில் பார்த்த ஆளும் சமையல் தளத்தில் பார்த்த ஆளும் ஒருவரே என்று அதற்குத் தெரிகிறது.

மனையோடு போனால் பரவாயில்லை. ஒருவர் சர்க்கரை நோயைப் பற்றித் தேடுகிறார், குழந்தையின்மை சிகிச்சை பற்றிப் படிக்கிறார், நகைக்கடன் வட்டி பார்க்கிறார் என்றால், வீட்டில்கூடச் சொல்லாத விஷயங்கள் ஒரே கோப்பில் சேர்கின்றன.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். மனை வேண்டுமா என்று போன் வந்தால் அதற்குப் பெரும்பாலும் குக்கீ காரணம் அல்ல. எங்கோ ஒரு படிவத்தில் நம்பரைக் கொடுத்திருப்போம்.

பிரவுசர்கள் என்ன செய்கின்றன?

ஆப்பிளின் சஃபாரி 2020 முதல் மூன்றாம் தரப்பு குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பூட்டி வைக்கிறது. கூகுள் தனது குரோமில் இவற்றை இரண்டு ஆண்டுகளில் நிறுத்துவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு பலமுறை தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோம் பயன்படுத்துவோர் தாங்களாகத்தான் தடுக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதன் பிறகு 2023-ல் வந்தது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'குக்கீ' என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய எந்தத் தரவும் தனிநபர் தரவுதான் என்று சட்டம் சொல்வதால், ஆளைப் பின்தொடரும் குக்கீயும் அதற்குள் வரும்.

சம்மதம் தெளிவாகவும் கட்டாயமில்லாமலும் இருக்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, அதே அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, தமிழ் உட்பட அரசியல் சாசனத்தின் 8-வது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டோரைக் கண்காணித்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை உண்டு. விதிமீறலின் தன்மையைப் பொறுத்து அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஆனால் இதெல்லாம் உடனே அமலுக்கு வரவில்லை. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அந்த அறிவிக்கையின்படி 2027 மே மாதத்தில்தான் அவை நடைமுறைக்கு வரும்.

ஐரோப்பாவில் இது ஏற்கெனவே சூடுபிடித்த விவகாரம். குக்கீயை ஏற்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* சம்மதப் பெட்டியில் 'ரிஜெக்ட்' இருந்தால் அதைத் தட்டுங்கள். இல்லையென்றால் 'மேனேஜ்' அல்லது 'செட்டிங்ஸ்' உள்ளே போய் விளம்பரக் குக்கீகளை மட்டும் அணைக்கலாம். தளம் வழக்கம்போலத்தான் ஓடும்.

* ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்டு பார்ட்டி குக்கீஸ் என்று போய் 'பிளாக்' கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

* எல்லாக் குக்கீயையும் ஒரேயடியாக அழித்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டிவரும். தொல்லை தரும் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்க, முகவரிக்கு இடதுபக்கம் உள்ள சிறு ஐகானைத் தட்டினால் போதும்.

* 'இன்காக்னிட்டோ' முறை மாயக் கம்பளம் அல்ல. ஜன்னலை மூடினால் உங்கள் போனில் தடம் இருக்காது, அவ்வளவுதான். போய்ப் பார்த்த தளத்துக்கும் இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்கும் நீங்கள் வந்தது தெரியும்.

* பிரவுசிங் சென்டரில் சான்றிதழுக்கு விண்ணப்பித்தாலோ மெயில் பார்த்தாலோ கட்டாயம் 'லாக் அவுட்' செய்யுங்கள். ஜன்னலை மூடினாலும் லாகின் குக்கீ அந்தக் கணினியில் தங்கலாம். அடுத்து வருபவர் பாஸ்வேர்டு இல்லாமலேயே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிடலாம்.

* ஆப்களில் விளம்பரங்கள் பெரும்பாலும் போனின் 'விளம்பர ஐடி'யை வைத்துத்தான் பின்தொடர்கின்றன. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' பகுதிக்குப் போய் அதை அழித்துவிடலாம்.

இத்தனை செய்தாலும் விளம்பரம் நிற்காது. யாரோ ஒருவருக்கான பொது விளம்பரமாக அது மாறும். கூகுள், ஃபேஸ்புக் கணக்கில் லாகின் செய்தபடியே உலாவினால் மூன்றாம் தரப்பு குக்கீ இல்லாமலும் அந்நிறுவனங்கள் உங்களை அடையாளம் காண முடியும்.

சட்டம் முழுமையாக அமலானதும் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சம்மதம் கேட்கும் பெட்டி படித்தால் புரிகிற தமிழில் வருகிறதா, அதில் 'வேண்டாம்' என்ற பொத்தானும் 'சரி'க்குப் பக்கத்திலேயே அதே அளவில் இருக்கிறதா? புரியாத மொழியில் தட்டிய 'ஓகே'வைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு அதுதான் முடிவு கட்டும்.