புகட்டுவது வேறு, புரியவைப்பது வேறு!

இராயபுரம் மேற்கு மாதா கோவில் தெருவிலே அமைதியான கட்டடம் ஒன்று இருக்கிறது. மாதாவின் பெயர் தாங்கிய தெருவிலே பார்சிகளின் நெருப்புக் கோவில்! இளம் வயது மகனைப் பறிகொடுத்த தந்தை ஒருவர், அவன் நினைவாக 1910-ஆம் ஆண்டில் எழுப்பியது. அன்று முதல் உள்ளே நெருப்பு ஓம்பப்பட்டு வருகிறது. அந்த மதில் ஓரமாக, தோளிலே பை தொங்க, நாள்தோறும் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களில் ஒருவனை நிறுத்தி, "தம்பி, இது என்ன இடம்?" என்று கேட்டுப் பாருங்கள். "தெரியாதுண்ணா" என்பான். கொஞ்சம் விவரம் தெரிந்தவனானால், "யாரோ சேட்டுங்க கோயில்" என்பான்.

நூறாண்டுக்கு மேலாக அடுத்த மதிலுக்குள் இருப்பவர், இன்னமும் 'யாரோ'!

சிறுவன் மீது குற்றம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

வடசென்னையைப் போல, பல சமயத்தார் தோளோடு தோள் உரசி வாழும் இடம் தமிழகத்திலே அதிகம் இல்லை. இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழர் இட்ட பெயர். படகோட்டிகள் தங்கள் உழைப்பின் காசிலே அவருக்குத் தேவாலயம் கட்டினார்கள். இராயபுரம் என்ற பெயரே அவரால் வந்தது என்பர். வடக்கே நடந்தால் திருவொற்றியூர். தியாகேசர் கோவிலும் வடிவுடையம்மன் சந்நிதியும் அங்கே. கடற்கரை ஓரமாகப் பட்டினத்தாரின் அடக்கத்தலமும் அங்கே. இளமையிலே அந்தச் சந்நிதியில் பாடிய இராமலிங்கர்தாம், பின்னாளில், 1865-ஆம் ஆண்டில், சமய பேதம் கடந்த சன்மார்க்க சங்கத்தை நிறுவினார். தெற்கே வந்தால் மண்ணடியின் பள்ளிவாசல்கள். சௌகார்பேட்டையின் சமணக் கோவில்கள். ஆடி பிறந்தால் தெருத்தெருவாக அம்மனுக்குக் கூழ் வார்ப்பு. ரம்ஜான் மாதத்திலே நோன்புக் கஞ்சி. கூழும் கஞ்சியும் எல்லா வீட்டுக் குவளைகளிலும் ஏறும்.

துறைமுகத்திலே மூட்டை இறக்கியவன் எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று பக்கத்திலே நின்றவன் கேட்டதில்லை. 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்திலே கச்சா எண்ணெய் படர்ந்ததே, அது இன்னாருடைய வலை, இன்னாருடைய படகு என்று பார்த்தா படிந்தது? காட்டுக்குப்பமும் தாழங்குப்பமும் நெட்டுக்குப்பமும் ஒன்றாகத்தான் தவித்தன.

"இப்படி ஒற்றுமையாக இருக்கிறார்களே, பிறகு என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். குறை இருக்கிறது. கூடி வாழ்கிறோம், ஆனால், ஒருவரை ஒருவர் அறியாமலே கூடி வாழ்கிறோம். உழைப்பு சேர்த்து வைத்திருக்கிறது. அறிவு சேர்த்து வைக்கவில்லை. அறியாத இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அங்கே வதந்தி வந்து குடியேறுகிறது. முன்பு திண்ணையிலிருந்து வந்தது. இப்போது கைப்பேசியிலிருந்து வருகிறது. "அவர்கள் அப்படியாம், இவர்கள் இப்படியாம்" என்ற செய்தி, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உள்ளங்கைக்கே வருகிறது. பத்து வயதிலே ஒரே சோற்றுப் பெட்டியில் கை நனைத்தவர்கள், முப்பது வயதிலே "உங்கள் ஆட்களுக்கு வீடு கொடுப்பதில்லை" என்று சொல்லும் நிலைக்கு வருகிறார்கள். இடையிலே நேர்ந்தது என்ன? யாரோ ஏதோ சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் மட்டும் வாய் மூடி இருந்தது.

பள்ளிக்கூடம் ஏன் வாய் மூடியது? அதற்குக் காரணம் உண்டு, நியாயமும் உண்டு.

1846-ஆம் ஆண்டில், சென்னை மாகாண ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, துரைத்தனத்தார் பள்ளிகளிலே விவிலியத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்றார். சென்னை நகரத்தார் கொதித்தெழுந்தனர். முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் கொண்ட அன்றைய நகரத்தின் வணிகர் காஜுலு லட்சுமிநரசு செட்டி முன்னின்றார். கூட்டம் கூடியது, விண்ணப்பம் எழுந்தது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே 'கூடாது' என்று சொல்லும்படி ஆயிற்று. 1854-ஆம் ஆண்டின் கல்வி அறிக்கை, அரசுப் பள்ளிகளிலே சமயச் சார்பற்ற கல்வியே தரப்பட வேண்டும் என்று எழுதியது. ஆள்பவர் சமயத்தை ஆளப்படுபவர் பிள்ளைக்குப் புகட்டக் கூடாது என்ற நெறிக்காக, இந்த நகரம் அவ்வளவு முன்னதாகவே குரல் கொடுத்திருக்கிறது. அது நமக்குப் பெருமை.

விடுதலைக்குப் பிறகு அந்த நெறியே சட்டமாயிற்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்வது தெளிவு: முழுக்க முழுக்க அரசுப் பணத்திலே நடக்கும் கல்விக்கூடத்தில் சமயப் போதனை கூடாது. அரசின் உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளியிலும், பெற்றோர் இசைவின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்கக் கூடாது.

அந்த வேலி ஏன் வேண்டும் என்பதற்கு 2024-ஆம் ஆண்டிலே, சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியிலேயே எடுத்துக்காட்டுக் கிடைத்தது. 'ஊக்கமூட்டும் உரை' என்ற பெயரிலே வெளியாள் ஒருவர் வந்தார். முற்பிறவியிலே செய்த பாவத்தால்தான் இப்பிறவியிலே உடற்குறை வருகிறது என்னும் பொருள்பட, வளரும் பெண் பிள்ளைகள் நடுவிலே பேசினார். பார்வையிழந்த தமிழாசிரியர் ஒருவர் எழுந்து நின்று, "இதை எப்படிப் பேசலாம்?" என்று கேட்டார். அந்த ஒரு குரல்தான் அன்று கல்வியின் குரல். பிறகு பேச்சாளர் கைது செய்யப்பட்டார். தலைமை ஆசிரியர்கள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். ஆனால் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது வேறு. கேள்வி கேட்கப் பழகாத பிள்ளைகளின் முன்னே, கேள்வி கேட்கக் கூடாத பேச்சு வைக்கப்பட்டது. அதற்குப் பெயர் புகட்டுதல்.

புகட்டுவது வேறு, புரியவைப்பது வேறு. "இதை நம்பு" என்பது புகட்டுதல். "இவர்கள் இதை நம்புகிறார்கள், எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது, யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள், அறிந்துகொள்" என்பது புரியவைத்தல். முன்னதற்குக் கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் வீடும் இருக்கின்றன. பின்னதற்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

இது புது யோசனையும் அன்று. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலே அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, புத்தர், ஏசு, முகமது நபி, கபீர், நானக் முதலானோர் வரலாறுகளை மாணவர் படிக்க வேண்டும் என்றது. சென்னையிலே ஆளுநராக இருந்த ஸ்ரீபிரகாசா தலைமையில் 1959-இல் ஒரு குழு அமைந்தது. அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. 1966-இல் கோத்தாரிக் குழு, 'சமயப் போதனை' வேறு, 'சமயங்களைப் பற்றிய கல்வி' வேறு என்று கோடு கிழித்துக் காட்டி, பின்னதைக் குடிமைப் பாடத்தின் பகுதியாக்கப் பரிந்துரைத்தது. 2002-இல், அருணா ராய் தொடுத்த வழக்கிலே, சமயங்களைப் பற்றிப் படிப்பதை 28-ஆவது பிரிவு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்த வழக்கைத் தொடுத்தவர்களின் அச்சம் வீண் அச்சம் என்று நாம் சொல்ல மாட்டோம். 'எல்லாச் சமயங்களையும் பற்றி' என்று வாயிலிலே எழுதிவிட்டு, உள்ளே ஒரே சமயத்தை உட்கார வைப்பார்கள் என்பதே அவர்கள் அச்சம். அது நடக்கக் கூடியதே. ஆகவே, கற்பிக்கலாமா என்பதோடு கேள்வி நிற்கவில்லை. பாடநூலை எழுதுவது யார், வகுப்பிலே நிற்பது யார், தேர்விலே கேட்பது என்ன என்பவற்றில்தான் வழக்கே இருக்கிறது.

தமிழர் வாழும் பிற நாடுகளைப் பார்ப்போம். சிங்கப்பூரிலே 1984-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சமயப் பாடம் கட்டாயமாக்கப்பட்டது. விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்பூசிய நெறி — இவற்றிலே ஒன்றை மாணவன் எடுக்க வேண்டும். நல்லொழுக்கம் வளரும் என்று தொடங்கினார்கள். சமயப் போட்டி வளர்வதைக் கண்டார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1989-இல், கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இலங்கையிலே சமயம் கட்டாயப் பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, பௌத்தப் பிள்ளைக்குப் பௌத்தம், முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம். அவரவர் சமயம் அவரவருக்கு! பக்கத்து இருக்கைப் பிள்ளையின் சமயத்தை அறிய அந்தப் பாடத்திலே இடம் குறைவு. அத்தனை சமயக் கல்வியும் அந்தத் தீவிலே இரத்தம் சிந்துவதைத் தடுத்து நிறுத்தவில்லை. பிரித்து உட்கார வைத்துத் தன் சமயத்தை மட்டும் படிக்கச் சொன்னால் நேசம் வளராது என்பதற்கு இவ்விரண்டு நாடுகளும் சான்று.

சேர்ந்து உட்கார்ந்து எல்லாரைப் பற்றியும் கேட்பது எப்படி? அதற்கு அயல்நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் மணிமேகலையைக் கேட்டால் போதும்! வஞ்சி மாநகரிலே, துறவி வடிவம் கொண்டு, சமயவாதிகள் ஒவ்வொருவரையும் அணுகி, "உம் கொள்கை யாது?" என்று கேட்கிறாள் அந்தப் பெண். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர் என்று பலர் பேசக் கேட்கிறாள். கடவுளையும் மறுபிறப்பையும் மறுக்கும் பூதவாதியையும் விட்டுவிடவில்லை. அவனையும் கேட்டு, அவனோடு வாதிடவும் செய்கிறாள். அது பௌத்தக் காப்பியம். முடிவிலே பௌத்தத்தின் பக்கமே சாயும். ஆயினும், கேட்ட பிறகுதான் சாய்கிறது! அப்படிப்பட்ட காதையைப் படைத்த மொழிக்குச் சொந்தக்காரர்கள், தம் பிள்ளைகளை அடுத்த தெருவைக்கூட அறியாதவர்களாக வளர்ப்பது தகுமா?

தமிழ் வகுப்பு இந்தத் தொண்டை ஓசையின்றிச் செய்தே வந்திருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், திருத்தக்கதேவரின் சிந்தாமணியையும், திருநாவுக்கரசரையும் ஆண்டாளையும் ஒரே புத்தகக் கட்டிலே சுமந்து படித்தவர்கள்தாமே நாம்? சீறாப்புராணம் படித்து எந்த இந்துப் பிள்ளை மதம் மாறினான்? தேவாரம் படித்து எந்த முஸ்லிம் பிள்ளை தொழுகையை விட்டான்? அழகை அறிந்தார்கள், அண்டை வீட்டாரை மதித்தார்கள். "பிற சமயம் படித்தால் பிள்ளை கெட்டுவிடுவான்" என்று அஞ்சும் பெற்றோருக்கு இதுவே விடை.

"மதமே வேண்டாம் என்கிறோம்; பள்ளியிலே அதைப் பற்றிப் பேச்சு எதற்கு?" என்று கேட்கும் பகுத்தறிவாளரும் உளர். அவர்களுக்கும் சொல்வோம். அறியாமை ஒருநாளும் பகுத்தறிவு ஆகாது. பெரியார் புராணங்களைப் படிக்காமலா மறுத்தார்? ஐயமும் மறுப்பும் மனித வரலாற்றின் பகுதி. அவையும் பாடத்திலே இடம் பெறட்டும். சாதியின் பெயராலே கோவில் கதவு அடைக்கப்பட்ட கதையும் வரட்டும்; தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்குத் தடுப்பு வைத்த கதையும் வரட்டும். புகழ் மட்டும் பாடினால் அது விளம்பரம். குறை மட்டும் சொன்னால் அது வசை. இரண்டையும் அளந்து சொல்வதுதான் பாடம்.

ஆகவே அரசினருக்கு நாம் சொல்வது இது. தனிப் பாடம் வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, சமூக அறிவியலிலே ஆண்டுக்கு ஓர் அலகு போதும். நூலை எழுதும் குழுவிலே வரலாற்றறிஞர் இருக்கட்டும். பல சமய அறிஞர் இருக்கட்டும். சமயம் சாராதவரும் இருக்கட்டும். ஒவ்வொரு சமயத்தைப் பற்றிய பகுதியையும், அச்சமயத்தார் படித்து, "ஆம், இது நாங்கள்தான்" என்று ஒப்பும்படி எழுதுங்கள். பள்ளியின் ஆசிரியரே நடத்தட்டும்; அதற்கு முன்னே அவருக்குப் பயிற்சி கொடுங்கள்; வெளிப் பேச்சாளருக்கு அங்கே வேலை இல்லை. தேர்விலே செய்தியைக் கேளுங்கள், நம்பிக்கையைக் கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, "உன் சமயத்தைப் பற்றி நீ சொல்" என்று அவன் தலையிலே ஒரு சமூகத்தையே ஏற்றாதீர்கள்.

பெரிய செலவு எதுவும் இல்லை. வடசென்னைப் பிள்ளைகளுக்கோ பாடநூலின் பாதி தெருவிலேயே இருக்கிறது! ஒரு நாள் காலையிலே ஆசிரியர் அழைத்துக்கொண்டு நடந்தால் போதும். நெருப்புக் கோவிலின் உள்ளே பார்சிகள் அல்லாதார் போக முடியாது. போக வேண்டியதும் இல்லை. வாயிலிலே நின்று, ஈரானிலிருந்து புறப்பட்ட ஒரு கூட்டத்தார் தங்கள் நெருப்பைக் காக்கக் கடல் கடந்து குஜராத்துக்கு வந்த கதையையும், அவர்களிலே சிலர் இந்தக் கடற்கரைக்கு வந்த கதையையும் ஆசிரியர் சொல்லட்டும். உள்ளே போக முடியாத இடத்தையும் மதிக்கலாம் என்பதே அன்றைய பாடமாக இருக்கட்டும்.

அடுத்த நாள் அந்த வழியே போகும் சிறுவனிடம், "தம்பி, இது என்ன இடம்?" என்று யாரேனும் கேட்டால், 'யாரோ' என்ற சொல் அவன் வாயிலே வராது. அந்த ஒரு சொல்லை ஒழிக்கத்தான் கேட்கிறோம். கல்வித் துறையினர் ஆவன செய்வார்களா?