எங்கள் ஒன்றேகால் ஏக்கர் உங்கள் முகமூடி அல்ல

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்த தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஓசூரில் வேலை. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள், அந்தக் கடுப்பு வேறு. “விவசாயத்துக்கு வரி விலக்கே கூடாது. நிலம் யாருகிட்ட இருக்கு? ஆதிக்க சாதிகிட்ட. அவங்களுக்கு எதுக்குச் சலுகை?” என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திண்ணையில் விதைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்: “அப்போ என்கிட்ட இருக்கிறது இன்னா தம்பி?”

அப்பாவிடம் இருப்பது ஒன்றேகால் ஏக்கர் புன்செய். அண்ணாமலை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிறது. என் தாத்தா பண்ணையாள். ஆண்டை வீட்டு மாட்டுக்குத் தீனி போட்ட பிறகுதான் அவருக்குக் கூழ். அந்த நிலம் வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஒருவர், கூப்பிட்ட நேரத்துக்குப் போகாமல், “நாளைக்கு எனக்கு வேலை இருக்கு” என்று ஊர்த்தெருவில் நின்று சொன்னார். அந்த ஒரு வாக்கியம்தான் அந்த நிலத்தின் மகசூல். மல்லாட்டை அப்புறம்.

தோழர் சொன்னதில் பாதி உண்மை. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தப் பேச்சைத் தொடர முடியாது. விவசாய வருமானத்துக்கு வருமானவரி கிடையாது என்ற ஏற்பாடு 1886இல் வெள்ளைக்காரன் சட்டத்தில் வந்தது. 1961 சட்டத்தின் பத்தாவது பிரிவிலும் அப்படியே உட்கார்ந்துகொண்டது. இதனால் என் அப்பாவுக்கு என்ன லாபம்? ஒரு பைசா இல்லை. ஒன்றேகால் ஏக்கர் மல்லாட்டையில் வரும் காசு எந்தக் காலத்திலும் வருமானவரி வரம்பைத் தொடாது. விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கட்டப்போவது பூஜ்யம்தான். அப்படியானால் அந்த விலக்கு யாருக்கு? வேறு தொழிலில் சம்பாதித்த பணத்தைத் தோட்டத்து மாங்காயில் விளைந்ததாகக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு. மத்தியத் தணிக்கைத் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், விவசாய வருமானம் என்று விலக்குப் பெற்ற 6,778 கணக்குகளைப் பரிசோதித்தது. அதில் 1,527 கணக்குகளில் சரியான ஆவணம் பார்க்காமலேயே விலக்குக் கொடுத்திருந்தார்கள். விலக்கை எடுக்கலாம் என்று யாராவது வாய் திறந்தால் உடனே டி.வி.யில் காட்டப்படுவது யார் முகம்? கோவணம் கட்டிய, வெயிலில் கருகிய, என் அப்பா மாதிரி ஒருவரின் முகம். எங்கள் முகத்தை மாட்டிக்கொண்டு அவர்கள் வரி ஏய்க்கிறார்கள். அந்த விலக்குக்கு உச்சவரம்பு போடுங்கள். நான் வந்து கைதட்டுகிறேன்.

ஆனால் சின்ன நிலத்தைக் கடிக்கும் வரி வருமானத்தின் மேல் விழுவதில்லை. நிலத்தின் மேலேயே விழுகிறது. விளைந்ததா காய்ந்ததா என்று அது கேட்காது. 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் தம்முடைய முதல் பட்ஜெட் பேச்சிலேயே அம்பேத்கர் பிடித்தது இந்த இடத்தைத்தான். குறைந்த வருமானக்காரனை வருமானவரி விட்டுவிடுகிறது. நிலவரியோ ஒரு ஏக்கர்காரனையும் நூறு ஏக்கர்காரனையும் ஒரே விகிதத்தில் பிடிக்கிறது, விளையாத வருஷத்திலும் பிடிக்கிறது, இது என்ன நியாயம் என்று கேட்டார். வரி போடுவதை அவர் எதிர்க்கவில்லை. தாங்குகிறவன் தோளைப் பார்த்துப் போடு என்றார். நம் பிள்ளைகள் அம்பேத்கரைச் சாதி ஒழிப்புக்கு மட்டும் படிக்கிறார்கள். அவர் பொருளாதாரம் படித்தவர் என்பதை மேடையில் பட்டம் வாசிக்கும்போது மட்டும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்போது எங்கள் ஊர் நிலவரம். 2024இல் சுற்றியுள்ள கிராமங்களைச் சேர்த்துத் திருவண்ணாமலையை மாநகராட்சி ஆக்கினார்கள். பட்டாசு வெடித்தார்கள். எனக்கும் முதலில் சந்தோஷம்தான், நல்ல ரோடு வரும் என்று. பிறகுதான் சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஊரகத்து விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல், பத்து லட்சத்துக்குள் மக்கள்தொகை உள்ள நகரத்தின் எல்லைக்குள்ளும், அந்த எல்லையிலிருந்து வான்வழியே ஆறு கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது ஊரக நிலம் அல்ல. 2011 கணக்கெடுப்பிலேயே திருவண்ணாமலையின் மக்கள்தொகை 1,45,278. எல்லைக்கல் நகர்ந்தால் அந்த ஆறு கிலோமீட்டரும் கூடவே நகரும். நிலம் அதே நிலம், கலப்பை அதே கலப்பை. வரைபடம்தான் மாறியது.

எங்கள் தெருவில் நிலம் எப்போது விற்கப்படும்? ஆஸ்பத்திரிக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளையின் படிப்புக்கு. முப்பது சென்டு விற்று டயாலிசிஸ் பார்க்கிறவரிடம், லாபத்தில் பன்னிரண்டரை சதவீதம் எடுத்துவை என்கிறது சட்டம். அதே சட்டம், இரண்டு வருஷத்துக்குள் வேறு விவசாய நிலம் வாங்கினால் வரி வேண்டாம் என்றும் சொல்கிறது. யாரால் முடியும் அது? இங்கே விற்று செங்கத்தில் பத்து ஏக்கர் வாங்குகிறவரால் முடியும். வலிக்கு விற்கிறவர் கட்ட வேண்டும், வசதிக்கு விற்கிறவர் கட்ட வேண்டாம்.

அரசு நிலம் எடுத்தாலும் இதே கதை. 2013 நிலமெடுப்புச் சட்டப்படி, ஊரகமென்றால் சந்தை மதிப்பை இரண்டு மடங்கு வரை பெருக்கலாம்; நகரமென்றால் ஒன்றோடு சரி. நூறு நாள் வேலையும் ஊரகத்துக்கு மட்டும்தான். என் அம்மாவுக்கு மாநகராட்சி என்றால் அந்த அட்டை செல்லாது என்பதுதான் அர்த்தம். இனி மழை பொய்த்து தரிசு போட்ட வருஷத்தில் வந்து பார்க்கும் அதிகாரிக்கு எங்கள் கொல்லி காலி மனையாகத் தெரியாது என்று யார் உத்தரவாதம் தருவது?

இதே ஊரில் மடங்களுக்கும் டிரஸ்டுகளுக்கும் வருமானவரி விலக்கு இருக்கிறது. கிரிவலப்பாதையின் பதினான்கு கிலோமீட்டரும் நடந்து பாருங்கள், எத்தனை பெயர்ப்பலகை என்று. அதை யாரும் சலுகை என்று திட்டிக் கேட்டதில்லை. அது தர்மமாம்.

“தலித்துக்கு நிலமே இல்லை, இந்தச் சண்டை நமக்கெதுக்கு” என்பவர்களுக்கும் ஒன்று. நிலம் ஏன் இல்லை? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதி, 1892இல் அரசு உத்தரவு போட்டுக் கொடுத்த பஞ்சமி நிலம், பிறர் வாங்கவே கூடாத நிலம், இன்று யார் பட்டாவில் இருக்கிறது? அதைக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதோ, விலக்கும் அவர் பேருக்குத்தான் போகிறது. போன நிலத்தை மீட்கப் போராடுகிறோம், சரி. மிச்சமிருக்கும் ஒன்றேகால் ஏக்கரை வரைபடத்தில் கோடு இழுத்துப் பிடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

நான் கேட்பது இதுதான். ஐந்து ஏக்கருக்குக் கீழே சொந்தமாக உழுகிறவர் நிலம், மாநகராட்சிக்குள்ளே வந்தாலும், விவசாயம் நடக்கும் வரை விவசாய நிலமே. வரிக்கும் சரி, விற்பனைக்கும் சரி, இழப்பீட்டுக்கும் சரி. தரிசு போட்ட வருஷத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் காசு போதவில்லையென்றால் மேலே இருக்கிற மாந்தோப்புக் கணக்குகளைத் திறங்கள்.

அன்றைக்குத் தோழர் பதில் சொல்லவில்லை. உட்கார்ந்து அப்பாவோடு மல்லாட்டை உரித்தார். உரிக்கத் தெரியவில்லை, பாதிப் பருப்பை உடைத்துவிட்டார். விதைக்கு ஆகாது என்று அப்பா அதைத் தனியாக எடுத்து வறுக்கச் சொன்னார். அடுத்த வாரம் அடங்கல் நகல் வாங்க வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போகிறேன். எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு வாங்க வேண்டும். அவரும் வருகிறார்.