கண்ணீர் யார் பேரில், கைவேலை யார் பேரில்?



படுவான்கரையில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பன் பாய் இழைப்பவர். கணவர் காணாமற் போய் வருடங்கள் பல. ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஒரு குழுவினர் அவரிடம் இரண்டு மணித்தியாலம் கதை கேட்டுப் போனார்கள். பிறகு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது. ஒரு பக்கத்தில் அக்கா அழுகிற படம், கீழே அவர் பெயர். மறுபக்கத்தில் அவர் இழைத்த பாய், கீழே பயிற்சி கொடுக்க வந்தவரின் பெயர். அந்தப் பாயின் கோலமோ அக்கா தன் தாயிடம் பழகியது.

"என்ட கண்ணீர் என்ட பேர்ல, என்ட பாய் அவர்ட பேர்ல" என்று சொல்லி அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதே கதை பெரிய பாடகிகளுக்கும் நடந்திருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.யைச் சிலர் அறிந்திருப்பீர்கள். 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் வளர்ந்து, 1986இல் தாயோடு அகதியாக லண்டன் திரும்பியவர். தாய் கலா தையல் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 2007இல் வந்த தன் இரண்டாவது இறுவட்டுக்கு மகள் வைத்த பெயர் 'கலா'. அதற்காகச் சென்னைக்குப் போய் உறுமி மேளக்காரரோடு ஒலிப்பதிவு செய்தார். 'தளபதி' படத்தில் இளையராஜா இசையமைத்த பாட்டொன்றின் துண்டும் அதில் கேட்கும். விமர்சகர்கள் பாராட்டினார்கள். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டு 2009 கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் 2005இல் வந்த முதல் இறுவட்டான 'அருளர்' பற்றி எழுதியவர்கள் பலர், அதற்கு மூளையாக இருந்தவர் டிப்ளோ என்ற ஆண் இசைக்கலைஞர் என்றே எழுதினார்கள். அவரைச் சந்திக்க முன்பே பெரும்பகுதியைச் செய்து முடித்துவிட்டதாக எம்.ஐ.ஏ. 2007இல் ஒரு நேர்காணலில் கோபத்தோடு சொன்னார்.

ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்குக்கும் இதுதான் நடந்தது. 2001இல் வந்த 'வெஸ்பர்டைன்' இறுவட்டின் தாளங்களில் பெரும்பங்கை மூன்று வருடம் பாடுபட்டுச் செய்தவர் அவர். பெயரோ கடைசி இரண்டு வாரம் வந்து உதவிய ஆண்களுக்குப் போனது. 2015இல் 'வல்னிகுரா' வந்தது. துணைவரைப் பிரிந்த வேதனையை, பிரிவுக்கு முன்னும் பின்னுமாக மாதக் கணக்கு வைத்துப் பாடியிருந்தார். விமர்சகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். மறுவருடம் அவர் மனம் திறந்து எழுதினார்: அணுவையும் அண்டத்தையும் பாடியபோது கிடைக்காத முழு அங்கீகாரம், உடைந்த மனதைப் பாடிய பிறகே கிடைத்ததாம்.

இது எங்களுக்குப் புதிதா? அழும்போது கேட்க ஆள் வருகிறது. சேமிப்புக் குழுவின் கணக்கை விரித்தால், காணிப் பத்திரம் பற்றிக் கேட்டால், வந்தவர்கள் நேரத்தைப் பார்க்கிறார்கள்.

அழுவது தவறென்று நான் சொல்லவில்லை. ஒப்பாரி சொல்லி மனம் ஆறிய தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். ஆனால் வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில்களில் படிக்கிற ஏட்டின் பெயரைக் கவனியுங்கள்: 'வழக்குரை'. கண்ணகியும் அழுதவள்தான். அழுத கண்ணோடு சிலம்பைக் கையிலெடுத்துப் போய் அரசனிடம் கணக்குக் கேட்டாள்.

ஆகவே தோழியரே, அடுத்தமுறை யாராவது உங்கள் கதையைக் கேட்டு வந்தால், நீங்களும் கேளுங்கள். என்ன எழுதப் போகிறீர்கள்? எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவீர்களா? படம் போட என் சம்மதம் கேட்பீர்களா? நான் செய்த வேலைக்குக் கீழே யார் பெயர் வரும்?

அந்த அக்கா இப்போது பாயின் ஓரத்தில் தன் பெயரின் முதலெழுத்தைச் சாயப் பன்னால் இழைத்துவிடுகிறார். சந்தையில் வாங்குகிறவர்கள் அது என்னவென்று கேட்கிறார்களாம். அவரும் சொல்கிறாராம்.