நிறுத்தத் தெரிந்த கை

சென்ற மாதம் ஒரு தாய் தம் பத்து வயது மகனை இழுத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். கைப்பேசியில் கண்ட சண்டையைப் பையன் தன் தோழன்மேல் செய்து பார்த்திருக்கிறான். தோழனுக்கு முன்பல் போயிற்று. "சண்டைப் படம் பார்த்தே கெட்டுப்போனான், சாமி! நீங்களே கண்டியுங்கள்" என்றார். கண்டிக்க வாயெடுத்த நமக்கு நம் இளமை நினைவுக்கு வந்தது.

திண்டுக்கல்லைச் சூழ்ந்த சிற்றூர்களில் டூரிங் டாக்கீஸ்கள் இருந்த காலம் அது. மணல் தரையில் அமர்ந்து நாம் கண்டு களித்தவற்றுள் பல, இயக்குநர் எம். ஏ. திருமுகத்தின் படங்கள். கோவையைச் சேர்ந்த இவர், மல்லும் உடற்பயிற்சியும் பயின்ற சாண்டோ சின்னப்பா தேவரின் தம்பி. தேவர் பிலிம்ஸின் முதற்படமான 'தாய்க்குப்பின் தாரம்' 1956-இல் வெளிவந்தது. அதுமுதல் 1972-இல் வந்த 'நல்ல நேரம்' வரை, எம்.ஜி.ஆரைக் கொண்டு அந்நிறுவனம் எடுத்த 16 படங்களையும் திருமுகமே இயக்கினார். 1971-இல் 'ஹாத்தி மேரே சாத்தி' என்னும் இந்திப் படத்தால் வடநாட்டிலும் வெற்றி கண்டார். 'தாயைக் காத்த தனயன்', 'தர்மம் தலைகாக்கும்', 'நீதிக்குப்பின் பாசம்' என்ற பெயர்களே, கதாநாயகன் எதற்காகக் கை ஓங்குகிறான் என்பதைச் சொல்லிவிடும்.

நாமோ காரணத்தை விட்டுவிட்டுக் கம்பை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒருநாள் நாம் சுழற்றிய சுழற்றில் தோழனின் புருவம் பிளந்தது. அத்தழும்பு இன்றும் அவர் முகத்தில் இருக்கிறது.

அன்று நாம் அறியாத உண்மை ஒன்றுண்டு. திருமுகம் படத்தொகுப்பிலும் கைதேர்ந்தவர். திரைச் சண்டையில் பாதி, படத்தொகுப்பு மேசையில்தான் பிறக்கிறது. ஓங்கிய கை கன்னத்திற்குச் சற்று முன்னே நின்றுவிடும். அந்த இடைவெளி தெரியாத கோணத்தில் காமிரா நிற்கும். எதிரி தலையைச் சாய்ப்பார். அடியின் ஓசை பின்னர்ச் சேர்க்கப்படும். துண்டுகளை உரிய முறையில் ஒட்டியதும், இடி விழுந்தாற்போல் தோன்றும். அடி விழாமல் இருப்பதற்கே அத்தனை ஒத்திகை!

சிலம்ப ஆசானும் இதைத்தான் கற்பிக்கிறார். முதலில் வணக்கம், பிறகு காலடி, அதன் பிறகே கம்பு வீச்சு. எதிராளியைத் தொட்ட அளவில் கம்பை நிறுத்தத் தெரியாதவனை அவர் களத்தில் இறக்குவதில்லை. ஓங்குவதற்கு வலிமை போதும்; நிறுத்துவதற்குப் பயிற்சி வேண்டும்.

பையனிடம் இவற்றையெல்லாம் கூறி, நம் உள்ளங்கைக்கு ஒரு சாண் முன்னே நிற்குமாறு குத்தச் சொன்னோம். முதல் இரண்டு முறையும் நம் கை சிவந்தது. மூன்றாம் முறை அவன் கை நின்றது, முகம் மலர்ந்தது. பின்னர், தோழன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டுவரும்படி அனுப்பினோம்.

பெற்றோரே, பிள்ளைகள் சண்டைப் படம் பார்க்கையில் கூடவே அமருங்கள். அடி எவ்வாறு பொய்யாகிறது என்பதையும், வலி எவ்வாறு மெய்யாகிறது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

பையன் சென்றபின் நமக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் அந்தத் தோழரிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்று மாலையே அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம்.