சேர்வராயன் மலையில் ஒரு கோப்பை பர்கண்டி

சென்ற குளிர்காலத்தில் நண்பர்கள் சிலர் ஏற்காட்டில் கூடியிருந்தோம். பிரான்சிலிருந்து விடுமுறையில் வந்திருந்த நண்பர் பர்கண்டிப் பிரதேசத்துச் சிவப்பு ஒயின் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். ஏரியின் மீது மூடுபனி இறங்கிய மாலையில் அதைத் திறந்தோம்.

மதுவைப் பற்றி நம்மிடையே இரண்டே குரல்கள் உண்டு: ஒன்று பழிப்பது, மற்றொன்று பீற்றிக்கொள்வது. சுவைப்பது இவ்விரண்டும் அன்று. யவனர் நன்கலத்தில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றில் நக்கீரர் குறிப்பிடுகையில், அதன் நறுமணத்தைச் சொல்ல மறக்கவில்லை.

நண்பர் கோப்பையில் கால் பங்குதான் ஊற்றினார். வெள்ளைத் துணியின் முன் பிடித்து நிறத்தைப் பார்க்கச் சொன்னார். பினோ நுவார் என்னும் திராட்சையின் தோல் மெல்லியது. ஆதலால் மாதுளைச் சாறு போல ஒளி ஊடுருவும் சிவப்பு. சுழற்றி முகர்ந்தபோது முதலில் செர்ரிப் பழத்தின் மணம். சற்றுப் பொறுத்து, மழையில் நனைந்த சருகின் மணம். நாவில் மெல்லிய புளிப்பு, அதன்பின் பட்டுப் போன்ற துவர்ப்பு. அறுசுவையில் துவர்ப்புக்கு இடமளித்த நமக்கு இது அந்நியமன்று.

பர்கண்டியின் சிவப்பு ஒயின்கள் பெரும்பாலும் இந்த ஒரே திராட்சையிலிருந்து வருபவை. ஆயினும் சரிவுக்குச் சரிவு சுவை மாறுகிறது. அங்கே 1,247 நிலத்துண்டுகளுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சொத்தாக ஏற்றது. நூற்றாண்டுகளாக மனிதர்கள் கவனித்துச் சுவைத்ததன் பயன் அது.

மறுநாள் காலை, அருகிலிருந்த தோட்டத்துக் காப்பியைப் பாலும் சர்க்கரையும் சிக்கரியும் இன்றி அருந்தினோம். முந்தைய மாலை கற்ற பொறுமையோடு அருந்தியதால், எலுமிச்சையை நினைவூட்டும் ஒரு புளிப்பும், அடியில் வெல்லத்தின் சாயலும் தெரிந்தன. இத்தனை ஆண்டுகள் இம்மலைக்கு வந்துசென்றும் அதன் சுவையை நான் அறிந்திருக்கவில்லை என்பது வெட்கமாக இருந்தது.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியை அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கிடையே அராபிகா வளர்கிறது. ஆனால் கடையில் நாம் கேட்பதோ சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை மட்டுமே. கொட்டை எந்த மலையில் விளைந்தது என்று கேட்பவர் அரிது. 2019இல் குடகு, வயநாடு, சிக்மகளூர், அரக்கு, பாபாபுடன்கிரி ஆகிய ஐந்து பகுதிகளின் காப்பிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேர்வராயன் அவ்வரிசையில் இல்லை.

டிகிரி காப்பியை நான் குறைசொல்லவில்லை. என் காலைகளும் அதில்தான் விடிகின்றன. ஆனால் பெயரற்ற கலவையில் கரைந்துபோகும் விளைச்சலுக்குப் பெயரற்ற விலையே கிடைக்கும். அப்போது நிழல்மரங்களைக் காப்பதைவிட விடுதி கட்டுவது இலாபமென்று தோட்டக்காரர் எண்ணினால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே ரசனை என்பது ஆடம்பரமன்று; ஒரு நிலத்தை அந்நிலமாகவே நீடிக்கவிடும் வழிகளில் அதுவும் ஒன்று.

அடுத்த முறை ஏற்காடு செல்லும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தத் தோட்டத்துக் காப்பி என்று கேளுங்கள். ஒரே ஒரு கோப்பையைப் பாலில்லாமல் அருந்துங்கள். அவசரப்படாமல்.