ஏறி இறங்கும் கணக்கும் இறங்காத கணக்கும்



சென்ற மாதம் தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஷெல் காயத்தால் கணவருக்குக் கடின வேலை செய்ய இயலாது. அக்காவின் தையலில்தான் குடும்பம் நடக்கிறது. எட்டாம் ஆண்டு படிக்கும் மகள் கொப்பியோடு வந்து, "அம்மா, எக்ஸ் எண்டால் என்ன?" என்று கேட்டாள்.

அக்கா என்னைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும் தங்கச்சி? 95 இடப்பெயர்வோட என்ர படிப்பு முடிஞ்சுது."

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டபோது, அவரும் எட்டாம் ஆண்டில்தான் இருந்தாராம். பட்டம் பெற்ற நானும் அட்சரகணிதத்தை விளங்காமல் பாடமாக்கித்தான் சித்தியடைந்தேன். அன்று அக்காவின் தையல் கணக்கை வைத்தே மூவரும் படித்தோம்.

ஒரு சட்டைக்கு நூல், பொத்தான் செலவு போக 300 ரூபா மிஞ்சும். ஒரு வாரம் 5 சட்டை வரும், இன்னொரு வாரம் 10 வரும். எத்தனை என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. அந்த எண்ணிக்கைக்கு 'ச' என்று பெயர் வைத்தோம். எந்த எழுத்தையும் வைக்கலாம். ஆனால் 'ச' என்பது சட்டை அல்ல, சட்டைகளின் எண்ணிக்கை. பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இப்படி மாறும் எண்ணுக்கு நிற்கும் எழுத்தே மாறி.

வார வருமானம் 300ச. அதாவது 300 ஐ 'ச' ஆல் பெருக்குவது. மாறியைப் பெருக்கி நிற்கும் 300 தான் குணகம். எழுத்து தனியே நின்றால் அதன் குணகம் 1.

அக்கா ஒரு கடன் எடுத்திருக்கிறார். வாராவாரம் 2400 ரூபா தவணை. சட்டை வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அது அசையாது. அதுவே மாறிலி. கையில் மிஞ்சுவது:

300ச − 2400

'ச' 10 என்றால் 600 ரூபா மிஞ்சும். 8 என்றால் ஒன்றும் மிஞ்சாது. 5 என்றால் 900 ரூபா குறையும்.

அப்போதுதான் அக்கா மெல்லச் சொன்னார். இரண்டாவது கடன் ஒன்று தரலாம் என்று கேட்டிருக்கிறார்களாம். அதற்கு வாரம் 1200 ரூபா. மகளே எழுதினாள். மாறிலிகள் இரண்டும் சேர்ந்து 3600 ஆகின. கோவை 300ச − 3600 ஆனது. தவணைக்கு மட்டுமே 12 சட்டை தைக்க வேண்டும். அரிசிக்கும் மருந்துக்கும் அதற்கு மேல்தான்.

"பத்துக்கு மேல என்னால ஏலாது பிள்ளை" என்றார் அக்கா. கொஞ்ச நேரம் கொப்பியைப் பார்த்தபடி இருந்தார். "அப்ப வேண்டாம் எண்டு சொல்லுவம்."

மாறியைக் கூட்டுவது எங்கள் கையில் மட்டும் இல்லை. குணகத்தை, அதாவது கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்கலாம். 360 ஆக்கினால் 10 சட்டைக்கு 1200 மிஞ்சும். மாறிலியை ஏற்றுமுன் பலதடவை யோசிக்க வேண்டும்.

இது எங்கள் மண்ணுக்குப் புதிய பாடம் அல்ல. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த கறல் விசுவநாதபிள்ளை 1855 இலேயே தமிழில் வீசகணித நூல் தந்தவர். உடுவிலில் 1824 இலேயே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கியது. போர் பறித்த படிப்பைக் குசினி மேசையிலும் திரும்ப எடுக்கலாம்.

சகோதரிகளே, இன்றிரவு ஒரு கடதாசி எடுங்கள். கோழி வளர்ப்பவர் முட்டையையும், பெட்டி இழைப்பவர் பெட்டியையும் எண்ணுங்கள். உங்கள் மாறி எது, குணகம் எது, மாறிலி எது என்று எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். கையெழுத்து வைக்க முன்னர் கணக்கு வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.